கரியன் சோற்றைத் தின்றது யார்

மைசூர், மண்டி மொஹல்லா
செவ்வாய்க்கிழமை மத்தியானம்

ஹனூரில் இருக்கும் கொழுந்தனார் ஆறுமுகசாமி அவர்களுக்கு அண்ணி பஞ்சவர்ணம் எழுதிக்கொண்டது. மலைச்சாமி புண்ணியத்தில் இங்கே நாய் ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள். உங்கள் அக்கா கமலம்மாளும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். அவர் இங்கே தின்றுவிட்டுப் போனதில் உடம்புக்கு ஆகாதது ஒன்றுமே கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாடு.

உங்கள் அண்ணன் வருஷப் படையலன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நான் ஒருத்தரை மறைத்துவிட்டேன் என்று பேச்சு வரக்கூடாது. நான். மகன் ரவிக்குமார், கம்பெனிக்கு லீவு போட்டிருந்தான். மருமகள் சுலோசனா. பேத்தி வைஷாலி, காலேஜுக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு வந்தாள். உங்கள் அக்கா கமலம்மாள். அவர் வீட்டுக்காரர் தொட்டையன். பக்கத்து வீட்டு கௌரம்மா, கன்னடக்காரிதான், ஆனால் இருபது வருஷமாக நம் வீட்டுச் சண்டைகளைக் கேட்டுக் கேட்டு நன்றாகவே தமிழ் பேசுவாள். பின்வாசலில் கட்டிப் போட்டிருந்த கரியன். சுவரில் மாலை போட்டுக்கொண்டு உங்கள் அண்ணன். அவ்வளவுதான். நீங்கள் இல்லை. கரும்பு வெட்டு என்று சொல்லிவிட்டீர்கள். ஆகையால் உங்கள் அக்கா சொன்னதுதான் உங்களுக்கு வேதம். அண்ணன் படையலுக்கு வந்தவர்களுக்கு நாய்ச்சோறு போட்ட வீடு என்று நீங்கள் எழுதிய இன்லண்டு லெட்டர் நேற்றுக் கிடைத்தது. வைஷாலிக்குத் தமிழ் படிக்க வராததால் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கரியன் உங்கள் வீட்டுச் செவலை நாய் போட்ட குட்டி. எண்பத்தேழாம் வருஷம் உங்கள் அண்ணன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கொள்ளேகால் பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் கேட்டதற்குத் தேங்காய் என்று சொல்லியிருக்கிறார். தேங்காய் நரசிபுரத்தில் குரைத்ததால் அங்கேயே இறக்கிவிட்டார்கள், அடுத்த பஸ்ஸில் வந்தார். எனக்கு நாய் வளர்ப்பில் இஷ்டம் இருந்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த உயிரைப் பட்டினி போடும் வழக்கமும் எனக்கு இல்லை. ஒன்பது வருஷமாகக் காலையில் ராகிக் களி, ராத்திரி குழம்பு ஊற்றிய சோறு, ஞாயிற்றுக்கிழமை எலும்பு. நல்லபடியாகத்தான் இருந்தது. இந்த ஆடி மாசத்தில்தான் அது தண்ணீர் தண்ணீர் என்று குடிக்க ஆரம்பித்தது. குடத்தடியில் சொட்டுவதைக்கூட விடவில்லை. உடம்பு இளைத்து விலா எலும்பை எண்ணலாம் போல் ஆகிவிட்டது, வாய் ஒரு மாதிரி நாறியது. ரவி ஆட்டோவில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான், நானும் போனேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கிட்னியும் முக்கால்வாசி கெட்டுவிட்டது, இனிமேல் இதற்குச் சாப்பாடுதான் மருந்து, சாப்பாடு சரியாக இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம், தவறினால் மாசக் கணக்குத்தான் என்று சொன்னார். இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் ஒளிக்காமல் சொன்னேன். உப்பு ஆகாது, எலும்பு ஆகாது, ராகி ஆகாது, கறி ஆகாது, கருவாடு நினைக்கவே கூடாது, பால் கூடாது, பருப்பு கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்டு முடித்தபோது ஒன்பது வருஷமாக நாங்கள் கொடுத்ததில் தண்ணீர் ஒன்றுதான் சரியாக இருந்தது. அரிசிச் சோறு, சுரைக்காய் அல்லது பூசணி, முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளை மட்டும், மேலே ஒரு கரண்டி நெய், இதுதான் கொடுக்கலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

உப்பில்லாமல் சமைப்பது எனக்குப் புதிது இல்லை. உங்கள் அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு, கிட்னியும் சரியில்லை என்று சொன்ன பிறகு இரண்டு வருஷம் அப்படித்தான் பொங்கிப் போட்டேன். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. துடைத்து வைத்த மாதிரி தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அப்படியும் தொண்ணூற்று மூன்றில் போய்விட்டார். அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது உங்கள் அக்கா வாசக்காலைப் பிடித்துக்கொண்டு, "உப்பில்லாத சோத்தப் போட்டுப் போட்டே எங்கண்ணன வத்த வெச்சுக் கொன்னுட்டா" என்று சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் பந்தல்காலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அன்றைக்கு அவர் கத்தரிப்பூக் கலர் சேலை கட்டியிருந்தார். சொல்லி முடித்துவிட்டுக் காபி கேட்டார், இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். நான் அதை மறக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை, நாய் விஷயத்துக்காக.

கரியன் அந்தச் சோற்றைத் தொடவில்லை. சுரைக்காய் போட்டு வைத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. பூசணி போட்டேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தது. தெருவில் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். கௌரம்மா தயிர்சாதம் கொடுத்தால் குளிர்ச்சி என்று ஒரு கிண்ணம் கொண்டு வந்தாள். எண்பத்து நாலில் குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்தவள் அவள்தான், ஆனாலும் நாய்க்காக வாங்கிக்கொண்டேன். அது தயிரை மட்டும் வழித்து நக்கிவிட்டுச் சோற்றை அப்படியே விட்டது. டாக்டர் தயிரும் வேண்டாம் என்றார். ரவி ஒரு நாள் பெரிய கடையிலிருந்து நாய்க்கென்றே செய்கிற தீவனம் ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தது. சீமையிலிருந்து வருவது, டாக்டர் சொன்ன சத்தெல்லாம் இதில் இருக்கும் என்று அடித்துப் பேசினான். கரியன் ஆசையாகத் தின்றது. மூன்றாம் நாள் வைஷாலி அந்தப் பாக்கெட்டில் இருந்த இங்கிலீஷைப் படித்தாள். வளரும் குட்டிகளுக்கு, கறிச்சத்து அதிகம் சேர்த்தது என்று போட்டிருந்ததாம். ஒன்பது வயசுக் கிழட்டு நாய் இனி எங்கே வளரப் போகிறது. வாங்கின பிறகு படிப்பது என் மகனுக்குப் பழக்கம், கேஸ் அடுப்பையும் அப்படித்தான் வாங்கினான். மிச்சத்தை மாடியில் போட்டேன், அணில் தின்றது.

இதற்கு நடுவில் வேறொன்றும் தெரிய வந்தது. வீட்டில் நாம் எதை நிறுத்தினாலும் நாய் தெருவில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கறிக்கடையில் ஜவ்வு, பேக்கரியில் பழைய பன், டீக்கடையில் வருக்கி. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். இதற்கு யாராவது ஏதாவது போட்டால் நாய் செத்துப்போகும், செத்தால் கொண்டு வந்து உங்கள் கடை வாசலில்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒருத்தரும் போடவில்லை. கரியனைக் கட்டிப் போட்டோம், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

கடைசியில் வழி கண்டுபிடித்தது வைஷாலிதான். சோற்றைக் குழைய விட்டு, சுரைக்காயை மசித்து, முட்டை வெள்ளையை உதிர்த்துப் போட்டு, நெய்யைச் சூடாக ஊற்றி எலுமிச்சங்காய் அளவு உருட்டி, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊட்டினாள். முதல் நாள் மூன்று உருண்டை இறங்கியது. அப்புறம் ஆறு. ஒரு மாசத்தில் வாலை ஆட்டியது, கௌரம்மாவின் பூனையைத் துரத்தப் பார்த்தது. டாக்டர் தட்டிக் கொடுத்து, இதே மாதிரி நடத்துங்கள், ஒரு நாள்கூட மாற்றாதீர்கள், ஒரு வேளை கறியும் எலும்பும் உள்ளே போனால் நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதை நான் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஹனூரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லத் தோன்றவில்லை. அது என் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது படையல் நாளுக்கு வருகிறேன். அது திங்கட்கிழமையில் விழுந்தது. திங்கட்கிழமை மலைச்சாமிக்கு உகந்த நாள், நம் பக்கத்தில் கவுச்சி சேர்க்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் அண்ணன் ஆட்டுக்கறி இல்லாத இலையில் உட்கார மாட்டார், செத்தவர்களுக்கு ஏது கிழமை என்று ஒரு கிலோ கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். அடுப்படி முழுக்கப் பாத்திரம். சுலோசனா குழம்புக் கரண்டியை எல்லாவற்றிலும் போட்டுக் கலக்குகிறவள், அதனால் கரியன் சோற்றுச் சட்டியை அடுப்படியில் வைக்கப் பயந்துகொண்டு, துவைத்த துணியால் மூடி, கூடத்தில் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அங்கே கரண்டி வராது என்பதுதான் காரணம். இலையில் எல்லாம் எடுத்து உங்கள் அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, காக்காய்க்கு வைக்க மாடிக்குப் போனேன். சோறு வைத்தேன், வரவில்லை. வடை வைத்தேன், வரவில்லை. அரை மணி நேரம் கா கா என்று நான் கத்தியது மண்டி மொஹல்லா முழுக்கக் கேட்டிருக்கும். கடைசியில் இரண்டு துண்டு கறி வைத்தேன், உடனே வந்தது. உங்கள் அண்ணனே கிழமை பார்க்கவில்லை.

கீழே உங்கள் அக்கா கிழமை பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு வாசனை வந்ததும், "திங்கக்கெழம கவுச்சி காச்சறதா, ஊடு வெளங்குமா இது?" என்று எழுந்து கூடத்தில் நடந்திருக்கிறார். சாமிக்குக் கீழே மூடி வைத்த சட்டி கண்ணில் பட்டிருக்கிறது. சுலோசனாவைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டிருக்கிறார். சுலோசனா அவரைக் கண்டால் நடுங்குகிறவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதை நான் பிறகு அப்படியே சொல்லச் சொல்லிக் கேட்டேன். "அத்தை தனியா வெச்சிருக்காங்க. அதுல உப்பு இல்லீங்க. நாங்க யாரும் கை வெக்கக் கூடாதுங்க." ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் நம் பக்கத்து ஆட்களிடம் இப்படிச் சொன்னால் அவர்களுக்கு வேறு என்ன தோன்றும். மலைச்சாமிக்கு உப்பில்லா விரதம் இருக்கிறவர்கள் அப்படித்தான் தனிச்சட்டியில் பொங்கி மூடி வைப்பார்கள். உங்கள் அக்காவும் சின்ன வயசில் இருந்திருக்கிறார். "பாரு, அண்ணி நெஞ்சழுத்தம். விரதம் இருக்கறத ஒரு வார்த்த சொல்லுல" என்று சொல்லி, யாரும் கறியைத் தொடக்கூடாது, எல்லோரும் இந்தச் சாமி சோற்றைத் தின்றால் போதும் என்று தன் கையாலேயே இலையில் வைத்திருக்கிறார். ரவி மட்டும் அப்போது வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். கௌரம்மா பிரசாதம் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். உங்கள் அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார். விரதச் சோறென்றால் இப்படிச் சப்பென்றுதான் இருக்க வேண்டும், நெய் வாசம் மட்டும் உசத்தி என்று சொன்னாராம். ஒரு பொட்டலம் உங்களுக்கென்று வேறு கட்டி வைத்திருக்கிறார். அது உங்களிடம் வந்து சேர்ந்ததா, சேர்ந்தால் என்ன செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒன்றும் காணோம்.

நான் காக்காய்க்கு வைத்துவிட்டு இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சட்டி காலி. அதே நேரம் வைஷாலி காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அஜ்ஜி, கரியன் ஊட்டா எங்க? நான்தானே காலைல ரெண்டு முட்டை வெள்ளை போட்டுப் பிசைஞ்சு வெச்சேன்" என்று பாதி கன்னடத்தில் கேட்டாள். உங்கள் அக்காவுக்கு நாய் என்பது பெரிதாகப் படவில்லை, திங்கட்கிழமை முட்டை என்பதுதான் அடிவயிற்றில் போய் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். பின்வாசலில் தொட்டையன் இருந்தார். அவர் சாமி சோற்றை இரண்டு வாய் தின்றுவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஓர் இலை நிறையக் கறியும் நல்லி எலும்பும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் குந்தியிருக்கிறார். மனைவி வருவதைப் பார்த்ததும் இலையை அப்படியே பக்கத்தில் தள்ளிவிட்டார். பக்கத்தில் கரியன். எல்லோரும் உங்கள் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், நாயை யாரும் பார்க்கவில்லை. கௌரம்மா மட்டும் ஓரமாக நின்று, என்னிடம் மெதுவாக, "பஞ்சவர்ணம்மா, ருசி சென்னாகித்து" என்று சொன்னாள். நன்றாக இருந்ததாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரியன் வாந்தி எடுத்தது. எலும்பும் ரத்தமுமாக வந்தது. எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துவிட்டது. தொட்டையன்தான் வெள்ளை வேட்டியோடு அதைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார், ஏற்றும்போதே, "நான்தானுங்க குடுத்தேன், பயத்துல தள்ளி உட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அவர் மேல் எனக்கு ரவி கல்யாணத்திலிருந்து ஒரு வருத்தம் உண்டு, அதை அன்றைக்கு விட்டுவிட்டேன். உங்கள் அக்கா வாசலில் நின்று ஒரு நாய்க்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு நான் மலைச்சாமிக்கு வேண்டிக்கொண்டேன். கரியன் தானாக எழுந்து வாய் வைத்துத் தின்கிறவரை நானும் உப்புச் சேர்ப்பதில்லை என்று. ஆகையால் உங்கள் அக்கா சொன்ன விரதம் இப்போது உண்மையாகவே நடக்கிறது. எட்டு நாளாக ஆட்டோவில் கொண்டு போய் டிரிப் ஏற்றிக்கொண்டு வருகிறோம். வைஷாலி கஞ்சித் தண்ணீரை ஊசி போடுகிற குழலில் வைத்து வாயோரமாக விடுகிறாள், பாதி வழிந்துவிடுகிறது. உருண்டை பிடித்துக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வியாழக்கிழமைக்குள் தானாகத் தின்னாவிட்டால் மேற்கொண்டு குத்துவதில் அர்த்தம் இல்லை, அதையும் உபத்திரவப்படுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்குச் செவ்வாய்.

நீங்கள் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன். கேட்காமல் திறந்து, கேட்காமல் தின்று, ஒரு வாயில்லாப் பிராணியின் சோற்றைக் காலி பண்ணியது உங்கள் அக்கா. தொண்ணூற்று மூன்றில் சொன்னதையும் சேர்த்து அவரை நான் மன்னிப்பதாக இல்லை. மற்றபடி உங்களுக்கும் உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கும் மலைச்சாமி ஒரு குறையும் வைக்காமல் நடத்தி வைக்கட்டும். கரும்புக்கு நல்ல விலை கிடைக்கட்டும். செவலை நாயின் வம்சத்தில் இன்னும் ஏதாவது அங்கே இருந்தால் அதற்கு உப்புப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
அண்ணி பஞ்சவர்ணம்

பின்குறிப்பு. வியாழக்கிழமை சாயங்காலம்.

தபாலில் போடச் சொல்லி ரவியிடம் கொடுத்த இந்தக் கடிதம் இரண்டு நாள் அவன் சட்டைப் பையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. துவைக்க எடுத்தபோது கிடைத்தது. ஒரு வகையில் நல்லது, மேலே எழுதியதில் சிலதை மாற்ற வேண்டும்.

நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். முடியவில்லை. உங்கள் அக்கா இரண்டாம் தடவை தன் இலையில் வைத்துக்கொண்டபோது நான் நாலாவது படியில் நின்றுகொண்டிருந்தேன். சட்டியில் பாதி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உப்பில்லாத சோற்றை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்பதைக் கடைசி வரைக்கும் பார்க்க வேண்டும் போல் இருந்தது, சொல்லவில்லை.

அடுத்தது, கரியன். இன்றைக்கு மத்தியானம் வைஷாலி உருண்டை பிடித்துக்கொண்டு போனாள், வாயைத் திறக்கவில்லை. அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். இத்தனை நாளும் என் சோற்றை நான் கூடத்தில்தான் தின்றேன். இன்றைக்கு அதைத் தனியாக விட மனசு வராமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் படியில், அது கிடக்கிற சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுரைக்காய்ச் சோறுதான், உப்பில்லாதது. நான் பிசைய ஆரம்பித்ததும் கரியன் தலையைத் தூக்கியது. எழுந்தது. நடக்க முடியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு என் இடது பக்கமாகச் சுற்றி வந்தது, அடுப்படியில் இருந்து பார்த்தால் தெரியாத பக்கம் அது. வந்து என் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்து, முட்டியின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் வாயைத் திறந்தது. என் வாழ்நாளில் என் தட்டில் இருந்து நான் நாய்க்குக் கொடுத்ததில்லை. ஒரு கவளம் கையை இறக்கிக் கொடுத்தேன். சப்புக் கொட்டாமல் விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தது. எட்டுக் கவளம் தின்றது. புதிதாகக் கற்றுக்கொண்ட காரியமாக எனக்குத் தெரியவில்லை. சுலோசனா தண்ணீர்ச் சொம்போடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏம் புள்ள, இது இந்தப் பழக்கத்த எங்க படிச்சுது?"

"மாமாகிட்டத்தானுங்க அத்தை."

"என்னத்த மாமாகிட்ட?"

"நீங்க பொங்கிப் போட்ட உப்பில்லாத சோத்துல மாமா ஒரு வாய் தின்னதில்லீங்க. இந்தப் படியிலதான் உக்காருவாரு. பூராவும் இதுக்குத்தான் போகும். தட்டு காலியானதும் கை கழுவீட்டு, சட்டையப் போட்டுக்கிட்டு கறி தின்ன மிலிட்டரி ஓட்டலுக்குப் போயிருவாரு. உங்ககிட்டச் சொன்னா அவரு மேல ஆணைன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாருங்க."

சாப்பிட்டானதும் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று போவார், வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். வெற்றிலை எதற்கென்று இப்போது தெரிகிறது. இரண்டு வருஷம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒரே மாதிரி இருந்தால் சலிக்குமே என்று சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நாக்குக்கு ஏதாவது தெரியட்டும் என்று சீரகம் வறுத்துத் தூவினேன். அவர் மட்டும் தனியாகத் தின்ன வேண்டாமே என்று நானும் உப்பை விட்டேன். அந்த இரண்டு வருஷம் இந்த வீட்டில் உப்பில்லாமல் தின்றது நானும் நாயும்தான்.

அவர் போனதிலிருந்து ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அக்கா சொன்னது ஒருவேளை நிஜமாக இருக்குமோ, நான்தான் வற்ற வைத்துவிட்டேனோ என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அவர் ஒரு நாளும் வற்றவில்லை. கைமா உருண்டையும் தலைக்கறியுமாகத் தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறார். டாக்டர் சொன்னபடி தின்றிருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து இந்த நாயோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

கரியன் இப்போது பக்கத்தில்தான் படுத்திருக்கிறது. மூச்சு சீராக வருகிறது. ரவி போய் டாக்டரிடம் சொன்னான், ஊசி வேண்டாம், இதே சாப்பாடு, இதே கை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என் வேண்டுதல் முடிந்துவிட்டது, நாளையிலிருந்து நான் உப்புப் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளப் போவதில்லை. அது இனி என் தட்டில் இருந்துதான் தின்னும் போல் இருக்கிறது.

ஆகையால் உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், தொண்ணூற்று மூன்றில் சொன்னதையும் சட்டியைக் காலி பண்ணியதையும் மன்னித்துவிட்டேன். தொட்டையனை அன்றைக்கே மன்னித்தாயிற்று. சுலோசனா சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள், அவளைக் குறை சொல்ல வழியில்லை. கௌரம்மாவின் குடத்து விஷயத்தையும் இன்றோடு விட்டுவிட்டேன். நீங்கள் பந்தல்காலைப் பார்த்தது, கரும்பு வெட்டுக்குப் போனது எல்லாம் போகட்டும். ஒருத்தரை மட்டும் மன்னிக்க மாட்டேன். கட்டிக்கொண்டு வந்து நாற்பத்தேழு வருஷத்தில் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டபோதுகூட ரவியைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். இன்றைக்கு என் கையால் எழுதுகிறேன், நீங்கள் நாலு பேருக்குக் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.

மாதையன்.